பிடித்தால் நிமிரும் ஏணி

மாட்ரிட்டின் அடோச்சா ரயில் நிலையத்துப் பழைய கூடத்துக்குள் நுழைந்ததும் என் கண் தானாக மேலே போனது. உடன்குடிக்காரன் கண் அப்படித்தான் போகும். இரும்பும் கண்ணாடியுமாக வளைந்த கூரைக்கு அடியில், ஒரு காலத்தில் தண்டவாளம் ஓடிய இடத்தில், இப்போது தோட்டம் போட்டிருக்கிறார்கள். தோட்டம் நிறையப் பனை இனத்து மரங்கள். கூடம் 1892-இல் கட்டி முடித்தது. நூறு வருடம் கழித்து, 1992-இல், ரயில்களைப் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு இங்கே மரம் வைத்துவிட்டார்கள். நம் பனை இல்லை, தூரத்துச் சொந்தம். ஆனாலும் பழக்கம் விடுமா? முதல் பிடி எங்கே, தளைநார் எங்கே உட்காரும் என்று மனம் அளந்துகொண்டிருந்தது.

"என்னல, மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கே? வண்டிக்கு நேரமாச்சி" என்றான் நண்பன். பதினைந்து வருடமாக மாட்ரிட்டில் இருக்கிறான். பேச்சு மட்டும் திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து இன்னும் இறங்கவில்லை. "ஊர்லருந்து வாறவன்லாம் பிராடோ பாப்பான், கால்பந்து பாப்பான். நீ ஒருத்தன்தாம்ல மூளையப் பாக்க வந்திருக்கே."

அவன் சொன்னது சரிதான்.

*

என் தங்கை மகள் போன வருடம் பிளஸ் டூ படித்தாள். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். முதல் வலிப்பு. மறுவாரம் இன்னொன்று. திருநெல்வேலியில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மருத்துவர் பொறுமையானவர், படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி விளக்கினார். நடுவில் வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோலத் தெரிந்தவை மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள். அந்த அறைகளின் சுவரையொட்டி, முத்துக் கோத்ததுபோலச் சில சாம்பல் நிற முடிச்சுகள்.

"இது கட்டி இல்லை, பயப்படாதீங்க. கருவுல இருக்கும்போது மேல ஏறிப் போயிருக்க வேண்டிய நரம்பு செல்லுங்க. ஏறாம பிறந்த இடத்துலயே தங்கிட்டுது. மாத்திரையில கட்டுப்படும். படிப்புக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் வாக்குப் பலித்தது. இப்போது கல்லூரி முதலாண்டில் இருக்கிறாள்.

ஆனால் அன்று திரும்பும் வழியில், ஸ்ரீவைகுண்டம் பாலத்தைத் தாண்டும்போது, பின்சீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "மாமா, அதுக்கு வழி தெரியாம நின்னுட்டா, இல்ல வழியே இல்லாமப் போச்சா?"

இருபத்திரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவன் நான். பதில் தெரியவில்லை. சமாளிக்க வேண்டுமே என்று, "நரம்பு செல் தானா ஏறாது. கூட கிளியான்னு ஒரு செல் இருக்கும், அதப் புடிச்சிக்கிட்டு…" என்று ஆரம்பித்தேன்.

"கிளியா? குருவியா?" என்று அவள் சிரித்தாள். வலிப்பு வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல்.

அந்தக் கிளியாவை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறேன். நரம்பு செல்லுக்குத் தாங்கலாக இருக்கும் துணைச் செல்கள், அடுத்த பக்கம். அந்த ஒரு வரியின் கடனை அடைக்கத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பு என்னை ஒரு ஸ்பானிய மனிதரிடம் கொண்டுபோய் விட்டது. நண்பன் நீண்ட நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊரிலேயே அந்த மனிதரும் வாழ்ந்து மறைந்திருந்தார்.

*

சான்டியாகோ ரமோன் இ கஹால் 1892-இல் பேராசிரியராக மாட்ரிட்டுக்கு வந்தார். 1934-இல் இங்கேயே காலமானார். ரெதீரோ பூங்காவில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. விக்தோரியோ மாச்சோ என்ற சிற்பி செய்தது. 1926-இல், கஹால் உயிரோடு இருக்கும்போதே திறந்தார்கள். பழைய ரோமானியர்போல மேல்துணி சரிய ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் சுவரில் இரண்டு ஊற்றுகள்: ஒன்று வாழ்வின் ஊற்று, இன்னொன்று சாவின் ஊற்று. காலையில் ஓட்டப் பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து, பையில் கொண்டுபோயிருந்த அவருடைய படங்களின் புத்தகத்தை விரித்தேன்.

இத்தாலியின் கமிலோ கோல்ஜி 1873-இல் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிய மூளைத் துண்டை வெள்ளி நைட்ரேட்டில் போட்டால், ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ சில மட்டும் அடியோடு கறுத்துவிடும். மற்றவை கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கும். கூட்டம் மறைந்து ஆள் தெரியும். அந்த முறையைக் கஹால் கருவின் மூளையில் பயன்படுத்தினார். வளர்ந்த காட்டில் எந்தக் கிளை எந்த மரத்துடையது என்று தெரியாது, நாற்றங்காலில் ஒவ்வொரு கன்றும் தனியாகத் தெரியும் என்பது அவர் பிடித்த உபாயம்.

நான் விரித்த பக்கத்தில் கருவின் மூளைச் சுவர். நீர் அறையின் ஓரத்தில் கால் ஊன்றி, மூளையின் வெளித்தோல் வரைக்கும் ஒரே நூலாக நீண்டு நிற்கும் செல்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்திலிருந்து வட்டைக்குப் போவதுபோல. பின்னால் இவற்றுக்கு ரேடியல் கிளியா என்று பேர் வந்தது. இந்த ஆரக்கால் செல்கள் பிற்பாடு காலை உருவிக்கொண்டு, நட்சத்திர வடிவம் எடுத்து, ஆஸ்ட்ரோசைட்டுகளாக மாறுவதையும் கஹால் படிப்படியாக வரைந்திருக்கிறார்.

கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கோந்து என்று பொருள். 1850-களில் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பேர். நரம்புகளை ஒட்டிவைக்கும் பசை என்று அவர் நினைத்தார். பேர் வைத்தபோதே தகுதியும் முடிவாகிவிட்டது. எல்லோரும் நரம்பு செல்லின் பின்னால் போனார்கள், பசையை யார் பார்ப்பது?

பார்த்தவரும் இதே ஊரில்தான் இருந்தார். பியோ தெல் ரியோ ஒர்தேகா. வெள்ளி கார்பனேட்டை வைத்துத் தானே ஒரு சாயமுறை உண்டாக்கி, 1919 முதல் 1921 வரைக்குள் கிளியாவில் மைக்ரோகிளியா, ஒலிகோடென்ட்ரோகிளியா என்று இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டியவர். அந்த ஆண்டுகளுக்கு நடுவே, 1920-இல், அவருக்கும் கஹாலுக்கும் மனஸ்தாபம் முற்றி, கஹாலின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மேதைகள் இருவருக்கும் ஒரே கூரை போதவில்லை. ஒர்தேகா உள்நாட்டுப் போரில் நாட்டையே விட்டுப் போய், 1945-இல் பியூனஸ் அயர்ஸில் காலமானார்.

கஹாலின் படத்தில் ஆரக்கால் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு யார் ஏறுகிறார்கள் என்பது இல்லை. அதற்கு இன்னும் எண்பது வருடம் ஆனது.

*

பார்சலோனா ரயில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடுகிறது. அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, இரண்டரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே காஸ்தீலியாவின் செம்மண் மேடுகள், அறுவடை முடிந்த வயல்கள். ஆளில்லாத பரப்பைப் பார்த்துக்கொண்டே பாஸ்கோ ராகிச்சைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்பைப் புரட்டினேன்.

1933-இல் அன்றைய யூகோஸ்லாவியாவில் பிறந்தவர். நரம்பு அறுவை மருத்துவராகப் பயின்று, ஹார்வர்டு வந்து ஆராய்ச்சிக்குத் திரும்பியவர். 1971-இல் சிறுமூளையைப் பற்றியும், 1972-இல் பெருமூளைப் புறணியைப் பற்றியும் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் திருப்புமுனை. கோல்ஜியின் பழைய சாயத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியையும் ஒன்றாக வைத்து, குரங்குக் கருவின் மூளையை வரிசை குலையாமல் மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, அடுக்கிப் பார்த்தார். நகர்ந்துகொண்டிருக்கும் இளம் நரம்பு செல் ஒவ்வொன்றும் ஒரு கிளியா நூலை ஒட்டியே இருந்தது. வழி நெடுகப் பலவகைச் செல்கள் நெருக்கியடித்தாலும் அது தன் நூலை விடவில்லை.

எப்படி ஏறுகிறது? இதை எனக்குப் புத்தகத்தைவிடப் பனையேறிகள் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் விடியற்காலைப் பதனீருக்காக மரத்தடியில் காத்திருந்தவன் நான். ஏறுகிறவர் முதலில் இரண்டு கையையும் மேலே போட்டு மரத்தைக் கட்டிக்கொள்வார். உடம்பு அங்கேயே நிற்கும். பிறகு காலில் மாட்டிய தளைநாரோடு இரண்டு பாதத்தையும் ஒரே எக்கில் மேலே இழுப்பார். கை, பிறகு கால். நடுவில் ஒரு மூச்சு. ஓடுகிற ஏற்றம் கிடையாது. தாவல், நிறுத்தம், தாவல், நிறுத்தம்.

நரம்பு செல்லும் இதேதான் செய்கிறது. முன்பக்கம் ஒரு நீண்ட கையை விட்டு நூலைத் தழுவுகிறது. அந்தக் கையின் அடியில் ஒரு வீக்கம் உண்டாகிறது. சென்ட்ரோசோம் என்ற சிறு உறுப்பு முதலில் அந்த வீக்கத்துக்குள் போய் உட்காருகிறது. அங்கிருந்து பின்னால் வரும் நுண்குழல்கள் செல்லின் உட்கருவைக் கூடைபோலச் சூழ்ந்து மேலே இழுக்கின்றன. கனமான உட்கரு ஒரு தாவலில் வந்து சேர்கிறது. செல்லின் உடலுக்கும் நூலுக்கும் நடுவே இருந்த ஒட்டு அப்போது அவிழ்கிறது. நின்றதும் புது ஒட்டு உண்டாகிறது. தளைநார் கழன்று மறுபடி இறுகுவதுபோல. இந்த இழுவையில் வேலை செய்யும் லிஸ்1, டபுள்கார்ட்டின் என்ற புரதங்களில் கோளாறு வந்தால், மடிப்பே இல்லாத வழவழப்பான மூளையோடு குழந்தை பிறக்கக்கூடும்.

வேகம்? மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர். இருபது என்று வைத்துக்கொண்டால், என் ரயில் மாட்ரிட்டிலிருந்து பார்சலோனா போய்ச் சேரும் நேரத்தில் அது ஐம்பது மைக்ரோமீட்டர் ஏறியிருக்கும். ஒரு தலைமயிரின் கனம்கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர் போக இரண்டு பகல் இரண்டு இரவு. மனிதக் கருவில் போக வேண்டியது பல மில்லிமீட்டர். பெருமூளைப் புறணியில் மட்டும் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள். அவற்றில் பெரும்பாலானவை இப்படி ஏறி வந்தவைதான். மற்றவை பக்கவாட்டில், வேறு பிறப்பிடங்களிலிருந்து, கிளியாவின் துணை இல்லாமல் குறுக்கே நடந்து வருகிறவை.

சரகோசாவில் ரயில் நின்றது. கஹால் மருத்துவம் படித்த ஊர். இரண்டு நிமிடம் நிற்பதற்குள், கைபேசியில் சென்னையிலிருந்து வந்த ஒரு மூளையைத் திறந்தேன். ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்ற வரைபடத் தொகுப்பு. கருவின் 14 முதல் 24 வாரம் வரையான ஐந்து மனித மூளைகள், 5,132 சீவல்கள். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இந்த மாதங்கள்தான் ஏற்றம் மும்முரமாக நடக்கும் மாதங்கள். நீர் அறையின் ஓரத்தில் செல்கள் கருநீலப் பட்டையாக அடர்ந்து நிற்கின்றன, கொடைவிழாவுக்குக் கிளம்பக் காத்திருக்கும் கூட்டம்போல. இந்தத் தொகுப்பைப் பற்றிய கட்டுரை வந்த ஆய்விதழ்தான் 1971-இல் ராகிச்சின் சிறுமூளைக் கட்டுரையையும் வெளியிட்டது. குரங்குக் கருவிலிருந்து தொடங்கிய நூல் தரமணிப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

*

பார்சலோனாவின் ரவால் பகுதியில் சந்துகள் குறுகல். மாடிகளில் துணி காய்கிறது. நோத்தாரியாத் தெருவில் ஏழாம் எண் வீட்டுச் சுவரில் ஒரு பலகை, கஹால் இங்கே இருந்தார் என்று. கீழே மனிதர்கள் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நின்றது அவர்களுக்கு இடைஞ்சல்.

1887-இல் வலென்சியாவிலிருந்து இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். அதே வருடம் மாட்ரிட்டில் லூயிஸ் சிமார்ரோ என்ற மருத்துவரின் வீட்டில் முதன்முதலாகக் கோல்ஜி சாயம் ஏறிய சீவல்களைப் பார்த்திருந்தார். பார்த்ததும் பித்துப் பிடித்தது. 1888 மே மாதம் தன் கைக்காசில் ஓர் இதழ் தொடங்கி, பறவையின் சிறுமூளையைப் பற்றி எழுதினார். நரம்பு செல்கள் வலைபோல ஒட்டிப் பின்னியவை அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனி என்ற வாதம் அங்கே தொடங்கியது. கோல்ஜி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தபோதும் மேடையில் அவர் எதிர்த்தே பேசினார்.

சிறுமூளையில் பயணம் தலைகீழ். பெருமூளையில் உள்ளேயிருந்து வெளியே ஏற்றம். சிறுமூளையின் குறுணை செல்களோ வெளிப்பரப்பில் பெருகி, பெர்க்மன் கிளியா என்ற நூல்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. கிணற்றில் இறங்குகிறவன் மேலே கயிறு கட்டிவிட்டு இறங்குவதுபோல, ஒவ்வொரு செல்லும் தன் இழையை மேலேயே விட்டுவிட்டு இறங்குகிறது. அந்த இழைதான் பின்னால் அதன் செய்தி போகும் தடம்.

இந்தக் குறுணை செல்களைத்தான் நியூயார்க்கில் மேரி பெத் ஹாட்டன் 1980-களில் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். எலிக்குட்டியின் சிறுமூளையிலிருந்து நரம்பு செல்லையும் கிளியாவையும் தனித்தனியே பிரித்து எடுத்தார். தனியே விட்ட கிளியா தட்டையாகப் பரவிப் பெருகிக்கொண்டே போனது. நூலும் இல்லை, கம்பமும் இல்லை. அதன் மேல் நரம்பு செல்களைத் தூவினார். கிளியா பெருகுவதை நிறுத்தியது. நீண்டது. மெலிந்து நிமிர்ந்தது. நரம்பு செல் அதைப் பிடித்து ஏறியது.

சிமார்ரோவின் வீட்டில் கஹாலுக்கு எப்படி இருந்ததோ, இதைப் படித்தபோது எனக்கு அப்படித்தான் இருந்தது. நான் அதுவரை கிளியாவை நட்டுவைத்த கம்பமாகவே நினைத்திருந்தேன். பனை நம்மைக் கேட்டா நிற்கிறது? ஏறுகிறவன் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும். இந்த மரம் அப்படிப்பட்டதில்லை. பிடிக்கிறவன் வந்தால்தான் நிமிர்கிறது. பிற்பாடு 1997-இல் அதன் பேச்சும் கொஞ்சம் பிடிபட்டது: ஏறும் நரம்பு செல் நியூரெகுலின் என்ற புரதத்தால் சொல்கிறது, கிளியா தன் மேல் இருக்கும் ஏற்பிகளால் அதைக் கேட்டு நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் பேச்சைத் தடுத்தால் நூலும் சுருங்கும், ஏற்றமும் நிற்கும்.

இன்னொரு முடிச்சு 2001-இல் அவிழ்ந்தது. எலி மூளையின் உயிருள்ள சீவலில் ஒரு ரேடியல் கிளியாவைப் பச்சையாக ஒளிரவைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். அது பிரிந்து ஒரு நரம்பு செல்லை ஈன்றது. ஈன்ற பிள்ளை அந்தத் தாயின் நூலையே பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. துணைச் செல் என்று நான் ஒரு வரியில் சொல்லிக் கடந்தது பெற்ற தாயை!

என் மருமகளின் கேள்விக்கு ஒரு பாதி விடை ஹாட்டனிடமே இருந்தது. வீவர் என்று ஒரு எலி வகை உண்டு. தள்ளாடி நடக்கும், அதன் குறுணை செல்கள் இறங்காது. குற்றம் நரம்பு செல்லிலா, கிளியாவிலா? அவர் 1986-இல் சோடி மாற்றிப் பார்த்தார். நோயுற்ற கிளியாவின் மேல் நல்ல நரம்பு செல் ஒழுங்காகப் போனது. நல்ல கிளியாவின் மேல் நோயுற்ற நரம்பு செல் போகவில்லை. அங்கே வழி நன்றாகத்தான் இருந்தது, பிடிக்கத்தான் தெரியவில்லை.

அவளுக்கு வந்த வகையில் இன்னும் சிக்கல். நீர் அறை ஓரத்து முடிச்சுகளுக்குப் பல குடும்பங்களில் காரணமாக இருப்பது ஃபிலமின் ஏ என்ற புரதத்தின் மரபணு என்று 1998-இல் தெரிந்தது. செல்லுக்குள் இருக்கும் நார்களைக் குறுக்கே கட்டும் கயிறு அது. கட்டு தளர்ந்தால் நரம்பு செல்லின் எக்கு குறையும். ஆனால் அறையின் சுவரும், அதாவது ஆரக்கால்கள் கால் ஊன்றும் அந்த இடமும், அங்கங்கே பிய்ந்து போவதைப் பின்னர் கண்டார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒவ்வொரு செல்லிலும் ஒன்று உறங்கிவிடும். நல்ல எக்ஸ் விழித்திருந்த செல்கள் ஏறிப் போய்விட்டன, மற்றதில் சில நின்றுவிட்டன. அதனால்தான் இந்த நோயுள்ள பெண்கள் பலருக்கு அறிவில் குறையே இருப்பதில்லை.

வழி தெரியாமலா, வழி இல்லாமலா? இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாது என்பதுதான் எனக்குக் கிடைத்த விடை. பிடி இருந்தால்தான் வழி. வழி இருந்தால்தான் பிடி. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தெருவைத் தாண்டி நடந்தேன்.

*

செப்டம்பர் 24 பார்சலோனாவின் காவல் தெய்வமான மெர்சே மாதாவின் நாள். ஊர்த் திருவிழா. அதையொட்டி நகராட்சி மாளிகைக்கு எதிரே சான் ஜாவுமே சதுக்கத்தில் மனிதக் கோபுரம் கட்டுகிறார்கள் என்று தங்கியிருந்த விடுதியில் சொன்னார்கள். கத்தலான் மொழியில் கஸ்தெல், கோட்டை என்று பொருள். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை. கண்ணன் பிறந்தநாளுக்கு நம்மூரில் வழுக்குமரம் ஏறுவதைப் பார்த்தவனுக்கு இதில் என்ன புதிது என்று போனேன்.

சதுக்கம் திணறியது. முதல் கோபுரத்தைத் தள்ளி நின்று கைபேசியில் படம் பிடித்தேன். வெள்ளைக் கால்சட்டை, சிவப்புச் சட்டை, வெறுங்கால். இடுப்பில் பல சுற்றுச் சுற்றி இறுக்கிய கறுப்புத் துணிப்பட்டை. அது முதுகைக் காக்கும், அடுத்து ஏறுகிறவருக்குப் படியும் அதுதான். கீழே முதல் நிலையில் நிற்பவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் கையை நீட்டி, ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சை அழுத்தி, வரிசை வரிசையாக நெருங்கினார்கள். அந்த அடித்தளத்துக்குப் பின்யா என்று பேர். மாடத்திலிருந்து பார்த்தால் வண்டிச் சக்கரம், ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆரக்கால்.

பிறகு ஏற்றம். இரண்டாம் நிலைக்காரர்கள் முதல் நிலையின் தோளில். மூன்றாம் நிலைக்காரர்கள் இருவர் முதுகையும் கடந்து இன்னும் மேலே. முதலில் ஏறியவர் அடியில் நின்றுவிட, பின்னால் வந்தவர் அவரைத் தாண்டிப் போகிறார். கடைசியில் வருவது உச்சிக்கு. என் உடம்பு சிலிர்த்தது. பெருமூளைப் புறணி கட்டப்படுவது அப்படியே இந்த வரிசையில்தான். ஆறு அடுக்கில் அடி அடுக்குக்காரர்கள் முதலில் பிறந்து ஏறி நிற்கிறார்கள். அப்புறம் பிறந்தவர்கள் அவர்களுக்கிடையே புகுந்து தாண்டி மேல் அடுக்கைப் பிடிக்கிறார்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு உச்சியிலிருந்து ஒரு சைகை வருகிறது. கஹாலின் பேரைத் தாங்கிய செல்கள் அங்கே ரீலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. 1951-இல் எடின்பரோவில் விவரித்த தள்ளாடும் எலி ஒன்றுக்கு அந்தப் புரதம் இல்லை. அதன் மூளையில் அடுக்குகள் ஏறக்குறையத் தலைகீழாகக் கிடக்கின்றன. காரணமான மரபணு 1995-இல்தான் அகப்பட்டது.

இரண்டாவது கோபுரத்துக்குப் பின்யா போதவில்லைபோல. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் மூக்குக்கண்ணாடியைக் காட்டிக் கழற்றச் சொன்னார். தோளைப் பிடித்து வரிசைக்குள் திருப்பி, என் கையிரண்டையும் முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் வைத்து அழுத்தினார். தாடையை நெஞ்சில் புதைத்துக் காட்டினார். மேலே பார்க்கக் கூடாது, விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து.

அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சிவப்புச் சட்டையின் தையல், வியர்வை வாடை, பின்னாலிருந்து என்னை அழுத்திய யாருடையதோ நெஞ்சு. முன்னால் ஒருவர் சட்டைக் காலரைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார், ஏறுகிறவர் பாதம் துணியில் வழுக்காமல் இருக்க. மேலே என்ன நடக்கிறது? தெரியாது. திடீரென்று நாகசுரத்தின் குட்டித் தம்பி மாதிரி ஒரு குழல் கூவியது. கிரால்யா. கூடவே மேளம். வாசிக்கிறவர்களுக்குக் கோபுரம் தெரியும். அடியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. எந்த நிலை ஏறியாயிற்று, உச்சியைத் தொட்டாயிற்றா என்பதை இசையைக் கேட்டுத்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் ஏற ஏற நடுக்கம் ஒருவர் கை வழியாக இன்னொருவர் முதுகுக்கு வந்தது. நடுக்கம் வந்த பக்கம் எல்லோரும் கேட்காமலே இறுக்கினார்கள். நானும் இறுக்கினேன்.

கூட்டம் ஆரவாரித்தது. தலைக்கவசம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை உச்சிக்குப் போய்க் கையைத் தூக்கியிருக்கும். அதை நான் பார்க்கவில்லை. யாரும் இறுக்கத்தைத் தளர்த்தவும் இல்லை. ஏறிவிட்டால் போதாது, ஒவ்வொருவராக இறங்கி, விழாமல் பிரிந்தால்தான் கோபுரம் முழுமை என்று கணக்கு. குழல் நின்ற பிறகே கைகள் விலகின. பின்யா கலைந்தது. ஆரக்கால்களாக நின்றவர்கள் அவரவராக மாறித் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனார்கள். கஹால் வரைந்த கடைசிப் படமும் அதுதானே: ஏற்றம் முடிந்ததும் காலை உருவிக்கொண்டு, நட்சத்திரமாக விரிந்து, தன்னைப் பிடித்து ஏறியவர்களுக்கு நடுவிலேயே வாழ்நாள் முழுக்க இருந்துவிடுகிற கிளியா.

கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் கோபுரத்தின் காணொளியை மருமகளுக்கு அனுப்பினேன். ஊரில் இரவு ஆகியிருக்கும். உடனே கூப்பிட்டுவிட்டாள்.

"அய்யோ மாமா, அந்தச் சின்னப் புள்ள எப்படி ஏறுது!"

"இன்னொண்ணுல நானும் இருந்தேன்."

"எங்க? மேலயா?"

"அடியில. ஒண்ணுமே தெரியல. முன்னால நின்னவுங்க முதுகு மட்டும்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. காணொளியை மறுபடி ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது, கிரால்யாவின் சத்தம் ஃபோனில் கேட்டது.

"கீழ எவ்வளவு பேரு மாமா. ஒரு முகமும் தெரியல" என்றாள். பிறகு, பின்சீட்டிலிருந்து கேட்ட அதே குரலில்: "அப்ப நீங்கதான் கிளியா?"